நோட்டில் எழுதாத டப்பா

சாங்கி சிறை, சிங்கப்பூர்
6 ஏப்ரல் 2022

பெயர் தெரியாத லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான், உங்கள் வீட்டில் வளர விட்டிருக்கும் நஸீஹாவின் உம்மா, ஃபர்சானா. என்னைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். போதைப்பொருள் வழக்கு, இரண்டு வருடச் சிறை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொந்தத்தில் ஆள் இல்லை. எல்லாம் உண்மைதான். அதனால் அதைத் திரும்ப எழுதி இந்தத் தாளை வீணாக்கப்போவதில்லை.

நஸீஹா விஷயத்தைப் பார்க்கும் அதிகாரி மிஸ் சிம், உங்களுக்குக் கடிதம் எழுதலாம் என்றார். உங்களுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும், அவருக்குத் தமிழ் தெரியாது, யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பாராம். அதனால் என் கடிதம் தாமதமாக வந்தால் நான் சோம்பேறி என்று நினைக்காதீர்கள்.

அவளுக்கு ஐந்து வயது. மீன் கொடுத்தால் முள்ளை நீங்களே எடுத்துவிடுங்கள், தானே எடுப்பேன் என்று பிடிவாதம் செய்வாள், நம்பாதீர்கள். தூங்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவரின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். கோபம் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். இழுக்காதீர்கள், தானாக வருவாள்.

இன்னும் ஒன்று. உங்களை அவள் உம்மா என்று கூப்பிட விடாதீர்கள். வேறு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும்.

ஃபர்சானா


25 ஏப்ரல் 2022

தங்கச்சி ஃபர்சானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். என் பெயர் சாயிரா பானு. பெயரைச் சொல்லலாமாம், வீட்டைச் சொல்லக் கூடாதாம். அப்படிச் சொன்னால் கறுப்பு மையால் அடித்துவிடுவார்களாம். சும்மா எழுதிப் பார்க்கிறேன்: எங்கள் வீடு ▇▇▇▇▇▇▇ பக்கம். அடித்திருந்தால் மிஸ் சிம் வேலையில் கெட்டி என்று தெரிந்துகொள்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே கேட்டாள். "உங்கள எப்டி கூப்புடணும்? ஆன்ட்டினா நெறைய ஆன்ட்டி இருக்காங்க லா" என்றாள். என் வீட்டுக்காரர் அப்துல் அலீம் பேருந்து ஓட்டுகிறார். அவர் வேலை முடிந்து வந்ததும் அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருக்கும் எல்லாரையும் டிக்கெட் கேட்கிறாள்.

முதல் இரண்டு நாள் யாரோடும் ஒட்டவில்லை. மூன்றாம் நாள் என் காதைப் பிடித்தாள். நீ சொன்னது பிறகுதான் வந்து சேர்ந்தது, ஆனால் நான் அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன் பார்.

எங்களுக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். தினமும் எழுத வேண்டும். சாப்பிட்டாளா, தூங்கினாளா, அழுதாளா, உன்னைப் பார்த்துவிட்டு வந்தபிறகு எப்படி இருந்தாள், எல்லாம் ஆங்கிலத்தில். என் ஆங்கிலத்துக்கு எல்லாம் குட், நோ குட், அவ்வளவுதான். மிஸ் சிம் மாதம் ஒருமுறை வந்து அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றிக்கொள்கிறார்.

இவளுக்கு முன்பு இரண்டு பிள்ளைகளை வளர்த்து அவரவர் அம்மாவிடம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் மகன் அதீஃப் பெரியவனாகி வெளிநாட்டில் இருக்கிறான். எனவே உன் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள வந்தவள் இல்லை நான். நீ நிம்மதியாக இரு.

சாயிரா லாத்தா


சாங்கி
30 ஆகஸ்ட் 2022

அன்புள்ள சாயிரா லாத்தாவுக்கு,

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அவளை அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், காதில் போன். அரை மணி நேரம். அதுதான் எனக்கு நாள்காட்டி. ஜூன் கடைசியோடு அது நின்றுவிட்டது.

மிஸ் சிம் மேல்படிப்புக்குப் போய்விட்டாராம். இப்போது ஸ்ரீநாத் என்று ஒருவர். நல்ல பையன்தான், ஆனால் நஸீஹாவை இன்னும் நேரில் பார்க்கவே இல்லை, கோப்பைத்தான் பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்துவிட்டுப் போனால் பிள்ளை பாதிக்கப்படுகிறாள் என்று மிஸ் சிம் எழுதிவிட்டுப் போயிருக்கிறாராம். இரண்டு நாள் சாப்பிடுவதில்லையாம், அழுகிறாளாம். அதனால் இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதானாம்.

லாத்தா, கண்ணாடி முன்னால் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசியாக வந்தபோது "உம்மா, இங்க என்ன சோறு குடுப்பாங்க?" என்று கேட்டாள். ஏதோ கொடுப்பார்கள் என்றேன். அதில் பயப்பட என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்தபிறகு என்னதான் நடந்தது? நீங்கள்தானே பக்கத்தில் இருக்கிறீர்கள். ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

ஃபர்சானா


3 நவம்பர் 2022

தங்கச்சி ஃபர்சானாவுக்கு,

உன் ஆகஸ்ட் மாதக் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. ஸ்ரீநாத்துக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவருடைய அம்மாவிடம் காட்டிப் படிக்கலாமா என்றால் அது ரகசியம், கூடாதாம். ஆள் தேடி இரண்டு மாதம்.

சாப்பிடவில்லை என்பது உண்மை. நான்தான் நோட்டில் எழுதினேன். 'கிரை. டூ டேஸ் நோ ஈட்.' நடந்ததை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். மூன்று மாதம் என்று முடிவு செய்தது மேலே இருப்பவர்கள்.

ஏன் என்று கேட்டிருக்கிறாய். பிள்ளைகள் ஏன் சாப்பிடுவதில்லை என்று யாருக்குத் தெரியும்?

அவளுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. தீபாவளி விளக்குப் பார்க்கச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனோம். மயில் மாதிரி விளக்கு போட்டிருந்தார்கள், அதன் கீழேயே நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றாள். நூறு வரை எண்ணுகிறாள், ஆனால் எழுபதை விட்டுவிடுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சாயிரா லாத்தா


சாங்கி
18 பிப்ரவரி 2023

சாயிரா லாத்தாவுக்கு,

பல் ஆடுகிறது, மயில் விளக்கு, எழுபது. எல்லாம் எழுதினீர்கள். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை.

டிசம்பரில் அவள் வர வேண்டிய நாள். தலை சீவி, முகம் கழுவி, கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் நாற்காலி காலி. அரை மணி நேரம் முழுக்க அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன். ஸ்ரீநாத்தைக் கேட்டேன். "அவளுக்கே வர விருப்பமில்ல சிஸ்டர், நாங்க ஃபோர்ஸ் பண்ண முடியாது" என்றார்.

விருப்பமில்லை என்று அவள் வாயால் சொன்னாளா லாத்தா? நீங்கள் கேட்டீர்களா? அவள் சொல்லியிருந்தால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை.

ஃபர்சானா


2 ஏப்ரல் 2023

ஃபர்சானாவுக்கு,

டிசம்பரில் அவளுக்குக் காய்ச்சல். முப்பத்தொன்பது. 'டுடே நோ கம்' என்று ஸ்ரீநாத்துக்குச் செய்தி அனுப்பினேன். அதை அவர் எப்படி எழுதிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

அவரும் போய்விட்டார். வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். இப்போது நமக்கென்று ஆளே இல்லை. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு குரல் எடுக்கிறது, ஒவ்வொரு குரலும் "கேஸ் நம்பர் சொல்லுங்க" என்கிறது. பிள்ளையின் பெயரைச் சொன்னால் அவர்களுக்குத் தெரிவதில்லை.

புதிதாக யார் வந்தாலும் காய்ச்சல் விஷயத்தை நானே சொல்கிறேன். கவலைப்படாதே.

சாயிரா


சாங்கி
9 ஜூலை 2023

அன்புள்ள லாத்தா,

புதிய அதிகாரி வந்துவிட்டார். கவிப்ரியா. சின்னப் பெண். தமிழ் வாசிக்கிறார்! நம் கடிதத்தை நேராகப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். எனக்கு முன்னால் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் பேசினார்.

அக்டோபரில் எனக்கு விடுதலை. அதற்கு முன்பு நஸீஹாவைப் பற்றி நீதிமன்றத்தில் முடிவு எடுப்பார்கள். என்னிடம் திரும்பி வருவாளா, அல்லது பதினெட்டு வயதுவரை வளர்ப்பு வீட்டிலேயே இருப்பாளா என்று. வளர்ப்பு வீடு வேண்டாம் என்று நான் எதிர்த்தால் விசாரிப்பார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அவள் உங்களோடே இருந்துவிடுவாள்.

கோப்பில் மூன்று இடத்தில் அதே வரி இருக்கிறதாம். உம்மாவைப் பார்த்தபின் பிள்ளை சாப்பிடுவதில்லை. பிறகு, உம்மாவைப் பார்க்க விருப்பமில்லை. இரண்டு அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருமா பொய் சொல்வார்கள்?

நிறைய யோசித்தேன். என்னைப் பார்த்தாலே பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்றால், நான் என்ன உம்மா? கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் லாத்தா. கவிப்ரியா பத்து நாள் யோசிக்கச் சொல்லியிருக்கிறார். யோசிக்க ஒன்றும் இல்லை.

முதல் கடிதத்தில் ஒன்று எழுதினேன், நினைவிருக்கிறதா? அதை மறந்துவிடுங்கள். அவள் விரும்பினால் உங்களையே உம்மா என்று கூப்பிடட்டும்.

ஃபர்சானா


14 ஜூலை 2023

ஃபர்சானா,

கையெழுத்துப் போடாதே.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் கவிப்ரியா படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் அவர் என் வீட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து, "நோட்டுல இருக்கறத தவிர வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். டீ ஆறுகிறது, குடிங்க என்றேன். வாயில் வரவில்லை. கையில் வருகிறதா பார்க்கிறேன்.

போன வருடம் ஜூன். உன்னைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் எங்கள் முன்னால் சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள், காலித் தட்டோடு வருவாள், ஆனால் முகம் வாடியிருக்கும். மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் நாற்றம். குனிந்து பார்த்தேன். பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, எறும்பு மொய்த்துக்கொண்டு. உள்ளே சோறு, கோழித் துண்டு, பாதி முட்டை. மேலே டிஷ்யூவை மடித்துப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

"உம்மாக்கு அங்க கோழி குடுக்க மாட்டாங்க பெரிம்மா. சனிக்கிழம எடுத்துட்டுப் போவேன்" என்றாள்.

உன்னைப் பார்த்த பயத்தில் அவள் பட்டினி கிடக்கவில்லை ஃபர்சானா. தன் சோற்றை உனக்கு எடுத்து வைத்துவிட்டுப் பட்டினி கிடந்தாள். நான் டப்பாவைக் கழுவியபோதுதான் அழுதாள். உன் சோற்றைக் கொட்டிவிட்டேன் என்று அழுதாள்.

அன்று மாலை நோட்டை எடுத்து, 'கிரை. டூ டேஸ் நோ ஈட்' என்று எழுதினேன். டப்பாவை எழுதவில்லை. எனக்கு ஆங்கிலம் வராது என்று எல்லாரிடமும் சொல்கிறேன். பாக்ஸ் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். மதர் தெரியும். ஃபார் தெரியும். மூன்று வார்த்தை போதும், எழுதவில்லை.

ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டேன். அது பொய். அவள் என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முன்பு வந்த இரண்டு பிள்ளைகளையும் மனம் உடைந்தாலும் சாமான் கட்டித் தந்து அனுப்பினேன். இவளை அனுப்ப எனக்கு மனமில்லை. அவ்வளவுதான். இதற்கு மேல் நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

மிஸ் சிம் அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்க்கப் போவதைக் குறைத்தார். ஸ்ரீநாத் அதைப் படித்துவிட்டுக் காய்ச்சலை விருப்பமின்மை ஆக்கினார். அவர்களைத் திட்டி உனக்கு எழுதினேனே, ஒவ்வொருவர் வந்து உட்காரும்போதும் இதைத் திருத்த எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஆள் மாற மாற, பாவம், அவர்களுக்கு எதுவும் தெரியாது, நாம் சொல்வதுதான் தெரியும். அது எனக்கு வசதியாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஒருமுறை, "அந்த டப்பா சங்கதிய மிஸ்ஸிட்ட சொன்னியா சாயிரா?" என்று கேட்டார். சொல்லிட்டேன் என்றேன்.

அவள் ஒருநாளும் உன்னைப் பார்க்க விருப்பமில்லை என்று சொன்னதில்லை. இப்போதும் சனிக்கிழமை காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்காருகிறாள். இன்றைக்கு இல்லை என்று நான்தான் சொல்கிறேன்.

கவிப்ரியா, நீங்கள் படித்துக்கொண்டிருந்தால் இதைக் கோப்பில் ஏற்றுங்கள். முழுதாக ஏற்றுங்கள்.

சாயிரா பானு


சாங்கி
10 ஆகஸ்ட் 2023

சாயிரா பானு அவர்களுக்கு,

கையெழுத்துப் போடவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் என் பிள்ளை எனக்காகச் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கே என்னை நானே வெறுத்துக்கொண்டிருந்தேன். நான் செய்த குற்றத்துக்கு நீதிபதி தண்டனை கொடுத்தார், அதை ஏற்றுக்கொண்டேன். இது நீங்கள் கொடுத்தது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஃபர்சானா


16 டிசம்பர் 2023

ஃபர்சானாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதம் இல்லை, பையோடு வரும் குறிப்பு. நீதிமன்றம் சொன்னபடி நாளைக் காலை கவிப்ரியா வந்து அவளை உன்னிடம் அழைத்துப் போகிறார். இந்த நான்கு மாதமாக வாரா வாரம் உன்னிடம் வந்து பழகியதில் பிள்ளையின் முகமே மாறிவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது, அதனால் சொல்கிறேன்.

நீலப் பையில் உடுப்பு. சின்னப் பையில் மருந்து, மூச்சு இரைத்தால் கொடுக்க வேண்டியது, எப்படி என்று தாளில் இருக்கிறது. விழுந்த பற்கள் நான்கும் ஒரு சிமிழில். ஒன்றாம் வகுப்புக்குச் சீருடை வாங்கிவிட்டேன், ஆனால் இங்கே பக்கத்துப் பள்ளியுடையது, உங்கள் பக்கம் ஆகாது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

அந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கட்டாயம் வைக்கச் சொன்னாள். கழுவி வைத்திருக்கிறேன்.

இப்போது எழுபதைச் சரியாகச் சொல்கிறாள்.

இங்கே அவள் இருந்தது ஒரு வருடம் ஒன்பது மாதம். எப்போதாவது என்னைப் பற்றி அவள் கேட்டால், நீ விரும்பியதைச் சொல். எதைச் சொன்னாலும் சரி.

சாயிரா பானு


2 மே 2024

சாயிரா லாத்தாவுக்கு,

லாத்தா என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

ஓரறை வாடகை வீடு கிடைத்திருக்கிறது. துப்புரவு வேலை. பள்ளி முடிந்து அவள் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இருப்பாள், ஆறு மணிக்குப் போய் அழைத்து வருவேன். நன்றாகத்தான் போகிறது. கவிப்ரியா மாதம் ஒருமுறை வந்து பார்த்தார், இனி கோப்பை மூடிவிடலாம் என்கிறார்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது அந்த டப்பா. திறந்தேன். கறிபஃப் இரண்டு, பூஞ்சை பிடித்து. ஒரு துண்டு முர்தபா ரொட்டி. யாருக்கு என்று கேட்கவில்லை. "பெரிம்மாக்கு கறிபஃப் புடிக்கும், நீங்க எப்போ கூட்டிட்டுப் போவீங்கனு தெரியல, அதான்" என்று அவளே சொன்னாள்.

லாத்தா, நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவைக் கழுவினேன். அவளை அழாதே என்றேன். கவிப்ரியா வந்து, "வளர்ப்பு அம்மாவை நினைக்கிறாளா?" என்று கேட்டபோது, இல்லை, மறந்துவிட்டாள் என்றேன். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது! எனக்கு ஆங்கிலமும் தமிழும் நன்றாகவே வரும், அப்படியும்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். இன்னும் முடியவில்லை. ஆனால் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது.

உங்கள் முகவரி எனக்குத் தெரியாது. ஃபேரர் பார்க், ஆரஞ்சுக் கோடு போட்ட அடுக்குமாடி ப்ளோக், லிஃப்ட் பக்கத்தில் ஒரு பூனை இருக்கும் என்கிறாள் அவள். அவளே வழி காட்டிவிடுவாள்தான், ஆனால் உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மே 19, மாலை நாலு மணிக்கு ஃபேரர் பார்க் ரயில் நிலைய வாசலுக்கு நீங்கள் வாருங்கள். அவளை விட்டுவிட்டு நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். வழக்கம்போல இதைக் கவிப்ரியா மூலம்தான் அனுப்புகிறேன். வர முடியாவிட்டால் கூப்பிடுங்கள். என் நம்பர் ▇▇▇▇ ▇▇▇▇.

ஃபர்சானா


19 மே 2024

சாயிரா பானு அவர்களுக்கு,

மூன்றரைக்கே வந்துவிட்டோம். ஆறரை வரை நின்றோம். புதிய டப்பா வாங்கி, காலையில் நானே கறிபஃப் சுட்டேன், அவள்தான் ஓரம் மடித்தாள். நகரும் படியில் மேலே வரும் ஒவ்வொரு தலையையும் எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபதை விடவில்லை.

ஐந்தரைக்கு, "வீட்டுக்கே போய்ப் பாக்கலாம் உம்மா, கிட்டதான்" என்று கையை இழுத்தாள். கூப்பிட்டும் வராதவர் கதவை நான் தட்ட மாட்டேன். ஒரு போன் கூட இல்லை.

ரயிலில் வரும்போது கேட்டாள். "பெரிம்மாக்கு வர விருப்பமில்லையா?"

அந்த வார்த்தையை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனி அவள் காத்திருக்க மாட்டாள்.

இதையும் கவிப்ரியா பெயருக்கே அனுப்பிவிடுகிறேன். இதுதான் கடைசி.

ஃபர்சானா


8 அக்டோபர் 2024

ஃபர்சானா,

உன் இரண்டு கடிதமும் இன்று காலை பதினோரு மணிக்கு என் கைக்கு வந்தன. ஒரே உறையில்.

ரகுபதி என்று ஒரு புது அதிகாரி வந்தார். வேறொரு பிள்ளையை வளர்க்க எடுப்பீர்களா என்று கேட்கத்தான் வந்தார். போகும்போது பையைத் துழாவி, "பழைய ஃபைல்ல இது இருந்துச்சும்மா, உங்க பேர் போட்டிருக்கு" என்று கொடுத்தார். கவிப்ரியா மே மாதத் தொடக்கத்திலேயே வேறு பிரிவுக்குப் போய்விட்டாராம். நம் கோப்பை மூடிவிட்டார்களாம். மூடிய கோப்புக்கு வரும் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் யாரோ ஒருவர் ஒழுங்காக உட்கார்ந்து, உன் போன் நம்பரை மட்டும் கறுப்பு மையால் அடித்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு நான்கு இருப்பது போலத் தெரிகிறது. அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் ப்ளோக்கிலிருந்து அந்த வாசலுக்கு ஐந்து நிமிட நடை. அவள் போனபிறகும் எனக்கு நோட்டு எழுதுகிற பழக்கம் விடவில்லை. யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மே 19-ஐ எடுத்துப் பார்த்தேன். 'ஹாட் டே. வாஷ் கர்ட்டன். நத்திங்' என்று இருக்கிறது. அவள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தேன்.

நான் உனக்குச் செய்தது எனக்கே திரும்பி வந்தால் அது நியாயம். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாயே, அதற்கு இது சரியாகிவிட்டது என்று வாங்கிக்கொள்வேன். ஆனால் அவள் என்ன செய்தாள்? இரண்டு தடவையும் சோற்றை எடுத்து வைத்தவள் அவள். இரண்டு தடவையும் யாரும் வந்து சாப்பிடவில்லை.

ரகுபதியிடம் உன் முகவரியைக் கேட்டேன், கொடுக்கக் கூடாதாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவம், பயந்துவிட்டார். நான் கடிதம் எழுதினால் உன்னிடம் சேர்க்க முயற்சி செய்கிறேன் என்றார். அவருக்கும் தமிழ் வாசிக்க வராது. ஆள் தேடுவார். அது இந்த மாதமோ, அடுத்த வருடமோ. அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு அந்த வாசலில் இருப்பேன்.

இது உன் கைக்கு வரும்போது அவள் என்னை மறந்திருக்கலாம். டப்பாவை வேறு எதற்காவது வைத்திருக்கலாம். இதைப் படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிள்ளை இப்போதுதான் சாப்பிடுகிறாள், எதற்குக் கிளற வேண்டும் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது.

ஃபர்சானா, என்னைப் பார்க்க அவளை அனுப்ப வேண்டாம். பெரியம்மா வராதது விருப்பமில்லாமல் இல்லை, அவருக்குக் கடிதம் வரவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடு.

சாயிரா லாத்தா